மூன்றாவது சொந்தக்காரருக்கு எந்த கியர்பாக்ஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேகக் கார்களில் மேனுவல் கியருக்கு இனி வேலையில்லை, தானே கியர் மாற்றும் இரட்டைக் கிளட்ச் டி.சி.டி.யே போதும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைக் கோவையிலிருந்து என் தங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். 'அக்கா, மாமா தொழிலுக்கு ஆபத்தா?' என்று கீழே ஒரு வரி வேறு. ஆபத்தெல்லாம் இல்லை. டி.சி.டி. வந்த பிறகுதான் எங்கள் பட்டறையின் பில் தொகையே பெரிதானது. அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

நான் பிறந்தது சிங்காநல்லூர், வாழ்க்கைப்பட்டது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். கணவர் வீட்டார் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம். வீடு சாட்ஸ்வொர்த்தில், கியர்பாக்ஸ் பட்டறை கிளேர்வுட்டில். ஸ்பேனர் கணவர் கையில். உதிரிப்பாகம் தருவிப்பது, பில் போடுவது, வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கெட்ட செய்தி சொல்வது எல்லாம் என் பொறுப்பு. காரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புதுக் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். என் கண்ணில் படுகிற கார்கள் பாதிக்கு மேல் இரண்டு மூன்று கை மாறியவை. அதனால் அவர்கள் பார்வை ஒன்று, என் பார்வை ஒன்று.

வேகத்தைப் பற்றித் தகராறு செய்ய நான் வரவில்லை. அதில் கட்டுரையாளர் சொன்னது சரி. போர்ஷே 911 ஜி.டி.3 காரில் 992 தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். பி.டி.கே. என்கிற அவர்களுடைய இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் இருந்தால் 100 கி.மீ. வேகத்தை 3.4 விநாடியில் தொடும். அதே கார் மேனுவலில் 3.9 விநாடி எடுக்கும். இத்தனைக்கும் மேனுவல் கார் 17 கிலோ எடை குறைவு. மனிதக் கையும் காலும் எவ்வளவு பழகினாலும் அந்த அரை விநாடியை மீட்க முடியாது. சரி, அது முடிந்த விஷயம்.

ஏன் அவ்வளவு வேகம் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. ஒரே கூட்டுக்குள் இரண்டு கியர்பாக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5 ஒரு தண்டில், 2, 4, 6 இன்னொரு தண்டில். ஒவ்வொரு தண்டுக்கும் தனித்தனி கிளட்ச். நீங்கள் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்காவது கோர்த்துத் தயாராக நிற்கும். இலையில் இருப்பதைச் சாப்பிட்டு முடிக்கும் முன்பே அடுத்த தோசையைக் கல்லில் ஊற்றி வைத்திருக்கிற மாமியார் மாதிரி. மாற்றும் நேரம் வந்தால் ஒரு கிளட்ச் விடும், மற்றது பிடிக்கும், அவ்வளவுதான். நீங்கள் எதிர்பாராமல் ஒரே அடியாக ஆறிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் மட்டும் கொஞ்சம் திணறும். ஏனென்றால் இரண்டும் ஒரே தண்டில் இருக்கின்றன, முன்கூட்டித் தயாராக நிற்க வழியில்லை.

இது ஒன்றும் புது யோசனை அல்ல. அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1939-லேயே யோசித்து வைத்ததுதான். 1980களில் போர்ஷே தன் 956, 962 பந்தயக் கார்களில் போட்டுப் பார்த்தது. சாதாரண ஜனங்கள் வாங்கும் காரில் வந்தது 2003-ல், ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் ஆர்32 மாடலில். அதன் பிறகு எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பைத்தியம் பிடித்தது. டர்பனில் கோல்ஃபின் வேக மாடலான ஜி.டி.ஐ. என்பது கார் மட்டும் இல்லை, கல்யாணச் சந்தையில் ஒரு தகுதி. கியர் மாறும்போது எக்ஸாஸ்டிலிருந்து வரும் அந்தச் சத்தத்துக்கு இங்கே 'வ்ர்ர்-ஃபா' என்றே பெயர். கியர் மாறும் கணத்தில் எஞ்சினின் இழுவையைக் கம்ப்யூட்டர் ஒரு நொடித்துளி வெட்டுகிறது, அதனால் வரும் வெடிப்பு அது. ஞாயிறு சாயங்காலம் ரோபோட்டில், அதாவது உங்கள் ஊர் சிக்னலில், பச்சை விழுந்தால் நாலாபுறமும் ஃபா, ஃபா என்று கேட்கும். மாமனார் வாசலில் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே எந்தத் தலைமுறை ஜி.டி.ஐ. என்று சொல்லிவிடுவார்.

இப்போது என் முதல் குறை. கட்டுரையாளர் எல்லா டி.சி.டி.யையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். அதில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்றில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடி ஓடும், இதை ஈர வகை என்று வையுங்கள். மற்றதில் மேனுவல் காரைப் போலவே வறண்ட தட்டுகள். ஈர வகையில் எண்ணெய் சூட்டை வாங்கிக்கொண்டு போகும், அதனால் தாங்கும். ஃபோக்ஸ்வேகனின் ஆறு கியர் கொண்ட டி.க்யூ.250 ஈர வகை, 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரை தாங்கக் கணக்கிட்டது. ஏழு கியர் கொண்ட டி.க்யூ.200 வறண்ட வகை, அதற்கு எல்லை 250.

இந்த 250 நியூட்டன் மீட்டர் எல்லையின் விளைவைப் பார்க்க வேண்டுமானால் 2015 வாக்கில் வந்த 1.8 லிட்டர் போலோ ஜி.டி.ஐ.யைப் பாருங்கள். மேனுவல் காரில் அந்த எஞ்சின் 320 நியூட்டன் மீட்டர் தந்தது. ஃபோக்ஸ்வேகன் தன் டி.சி.டி.க்கு வைத்த பெயர் டி.எஸ்.ஜி. அது பூட்டிய காரில் அதே எஞ்சினை 250-லேயே நிறுத்தி வைத்தார்கள். கியர்பாக்ஸ் தாங்காது என்பதற்காக எஞ்சினின் கையைக் கட்டினார்கள். அப்படியும் 100 கி.மீ. வேகத்துக்கு இரண்டுக்கும் 6.7 விநாடிதான் என்று நிறுவனமே சொன்னது. இந்த ஒரு காரை எடுத்து எழுதியிருந்தாலே கட்டுரைக்கு வேறு தலைப்பு வந்திருக்கும்.

வறண்ட வகையின் வரலாறும் அவ்வளவு நல்லதல்ல. 2013-ல் சீனாவில் மட்டும் 3,84,000-க்கும் மேற்பட்ட கார்களை இந்த டி.எஸ்.ஜி. கோளாறுக்காகத் திரும்ப அழைத்தார்கள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அந்தத் தட்டு பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். இங்கே பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில் என்று செங்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு. அங்கே வண்டிகள் தேங்கினால் ஆட்டோமேட்டிக்தானே என்று பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டே காரை மேட்டில் நிறுத்தி வைக்கிறவர்கள் அநேகம். எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள பழைய ஆட்டோமேட்டிக் இதைப் பொறுத்துக்கொள்ளும். கிளட்ச் பொறுக்காது. பெடல் இல்லை என்பதால் கிளட்சே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஈர வகையாவது நிம்மதியா என்றால், எண்ணெய் மாற்றினால் நிம்மதி. கட்டுரையில் 'டி.சி.டி.க்குப் பராமரிப்பே தேவையில்லை' என்று ஒரு வாக்கியம் வந்திருக்கிறதே, அதைத் தயவுசெய்து திருத்திப் போடுங்கள். டி.க்யூ.250-க்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். அந்த எண்ணெய் கியருக்கும் கிளட்சுக்கும், மெகட்ரானிக் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் பொதுவானது. கிளட்ச் தேய்ந்த தூள் அதே எண்ணெயில்தான் சுற்றும், மெகட்ரானிக்கின் மெல்லிய வால்வுகளுக்குள்ளும் போய்வரும்.

ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு பையன் போன வருஷம் ஒரு ஹேட்ச்பேக்கோடு வந்தான். எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம், அது முக்கியமும் இல்லை. அவன் அதற்கு மூன்றாவது சொந்தக்காரன். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது கார் குளிரில் நடுங்குவது போல் உதறுகிறது என்றான். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் வரிசையாக அழகாக இருந்தன. கணவர் காரைத் தூக்கி அடியிலிருந்து எண்ணெயை இறக்கி, ஒரு வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் இரண்டு சொட்டு விட்டார். நடுவில் கறுப்பு, ஓரத்தில் பழுப்பு வளையம், கருகிய வாடை. காந்தத்தை எடுத்துக் காட்டினார். அதன்மேல் சாம்பல் நிறத்தில் விழுது மாதிரி இரும்புத்தூள், விரல் வைத்தால் பள்ளம் விழும் அளவுக்கு. முத்திரை குத்தியவர்கள் எஞ்சின் எண்ணெயை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், கியர்பாக்ஸை ஒருவரும் தொடவே இல்லை. போதாததற்கு முந்தைய சொந்தக்காரர் எஞ்சினுக்கு 'ஸ்டேஜ் 2' டியூன் போட்டு முறுக்குவிசையை ஏற்றிவிட்டு, விற்கும் முன் பழைய மென்பொருளை மறுபடி ஏற்றியிருக்கிறார்.

கிளட்ச் தொகுப்பும் மெகட்ரானிக்கும் சேர்த்து நான் சொன்ன தொகையைக் கேட்டு அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். காருக்குக் கொடுத்த விலையில் நல்லதொரு பங்கு அது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான்: 'ஆன்ட்டி, எண்ணெயை மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா வேற யாருக்காவது வித்துடலாமில்ல?' அவனுக்கு முன்னால் இருந்தவரும் இதையேதான் செய்திருக்கிறார். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. எண்ணெய் மாற்றி பில்லில் 'கிளட்ச் தேய்ந்துள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த பில்லை வாங்குகிறவரிடம் காட்டினானோ இல்லையோ, அது அவன் பாடு.

என் கட்சி இதுதான்: டி.சி.டி. என்பது முதல் சொந்தக்காரருக்கான கியர்பாக்ஸ். வாரன்ட்டி இருக்கும் வரை அதைவிடச் சுகம் கிடையாது. மேனுவல் மூன்றாவது சொந்தக்காரருக்கானது. கட்டுரையாளர் முதல் ஆளின் இருக்கையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் இங்கே வேகக் கார் மேல் ஆசை இருக்கும் பையன்களில் பெரும்பாலானவர்கள் மூன்றாவது ஆட்கள். உங்கள் ஊரிலும் நிலைமை பெரிதாக வேறுபடாது என்று நினைக்கிறேன்.

மேனுவல் காரில் கிளட்ச் போனால் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், சாமான் இவ்வளவுதான். தெருமுனைப் பட்டறையில் கூட ஒரு நாளில் மாற்றிக் கொடுப்பார்கள். டி.சி.டி.யில் சாமான் மாற்றுவது பாதி வேலை. அப்புறம் கம்ப்யூட்டரை இணைத்து, எந்த இடத்தில் கிளட்ச் தொடுகிறது என்று கியர்பாக்ஸுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு மென்பொருள் வேண்டும், எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்க வேண்டும், செய்கிறவருக்குப் பொறுமையும் வேண்டும். இங்கே 2021 ஜூலை 1 முதல் வணிகப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் அமலில் இருப்பதால், எங்களைப் போன்ற தனிப் பட்டறைகளில் சர்வீஸ் செய்தாலும் வாரன்ட்டி ரத்தாகாது. நல்ல விதி. ஆனால் விதி வந்துவிட்டது என்பதற்காக மெகட்ரானிக் விலை இறங்கிவிடவில்லை.

மேனுவலுக்குக் கோவில் கட்டச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் சாவுகளையும் பார்த்திருக்கிறேன். 1984 முதல் 2009 வரை இந்த நாட்டிலேயே செய்த சிட்டி கோல்ஃப், எங்கள் ஜனங்களின் செல்லப்பிள்ளை. அதற்குள் பெரிய எஞ்சினைத் திணித்து, ரோபோட்டில் டயர் புகைய எடுப்பார்கள். அந்தப் பழைய கியர்பாக்ஸுக்குள், இழுவையைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலோடு பெரிய பல்சக்கரத்தைப் பிடித்திருப்பது ரிவெட் ஆணிகள். தன் அளவுக்கு மீறிய எஞ்சினோடு முறுக்கினால் ரிவெட் அறுந்து, சுற்றுகிற வேகத்தில் கூட்டையே ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். மாமனார் அந்த ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துவிட்டு போல்ட் போட்டுக் கொடுப்பதிலேயே ஒரு காலத்தில் பேர் வாங்கினார். அப்புறம், மூன்றிலிருந்து நான்குக்குப் போக வேண்டியவர் அவசரத்தில் இரண்டில் போட்டால் எஞ்சின் தன் உச்சவரம்பான சிவப்புக் கோட்டைத் தாண்டி அலறி, வால்வு வளைந்து, கியர்பாக்ஸ் செலவெல்லாம் சில்லறை ஆகிவிடும். டி.சி.டி. அந்தத் தப்பைச் செய்ய விடவே விடாது. கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லிவிடும். இந்த விஷயத்தில் அதற்கு முழு மதிப்பெண்.

இன்னொன்று. மேனுவல் சாகிறது, டி.சி.டி.தான் எதிர்காலம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். டி.சி.டி.யையே கைவிட்டு நகர்கிறவர்கள் இருக்கிறார்களே! பி.எம்.டபிள்யூ தன் எம்5 காரில் 2018 மாடலிலிருந்து டி.சி.டி.யை எடுத்துவிட்டு எட்டு கியர் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கைப் போட்டது. எம்3, எம்4 கார்களிலும் 2021 மாடலில் அதே கதை. டர்போ எஞ்சின் கொண்ட டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் மேனுவலோடு மட்டும் பிறந்தது. 2024-ல் அதற்கு ஆட்டோமேட்டிக் சேர்த்தபோதும் டி.சி.டி. பக்கம் போகவில்லை, எட்டு கியர் டார்க் கன்வர்ட்டரையே தேர்ந்தெடுத்தார்கள். போர்ஷே 2013-ல் ஜி.டி.3-ஐ பி.டி.கே.யோடு மட்டும் விற்றது. ரசிகர்கள் போட்ட கூச்சலில் 2016-ல் மேனுவல் மட்டுமே உள்ள 911 ஆர் காரை 991 எண்ணிக்கையில் செய்தது, அடுத்த வருஷம் ஜி.டி.3-க்கும் மேனுவலைத் திருப்பிக் கொடுத்தது. ஒரே திசையில் ஓடும் ஆறாக இதைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு வருத்தம் வேறு. மேனுவல் இரண்டு ஓரங்களில் மட்டும் மிஞ்சிவிட்டது. ஒரு ஓரத்தில் ஹூண்டாயின் 'ஐ20 என்' (i20 N) மாதிரிச் சின்ன வண்டிகள். மறு ஓரத்தில் கோர்டன் மரே செய்த டி.50. மரே எங்கள் டர்பனில் 1946-ல் பிறந்தவர், இங்கேயே படித்து, சொந்தமாக ஒரு பந்தயக் கார் கட்டி ஓட்டிவிட்டு இங்கிலாந்து போனவர். மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்தவரும் அவரே, 1998-ல் மணிக்கு 386 கி.மீ. தொட்ட அந்தக் காரும் ஆறு கியர் மேனுவல்தான். டி.50-க்கு நிமிடத்துக்கு 12,100 சுற்று போகும் வி12 எஞ்சின், ஆறு கியர் மேனுவல், மொத்தம் 100 கார்கள், ஒன்றின் விலை வரி போக 23 லட்சம் பவுண்டுக்கும் மேல். ஆக, மேனுவல் கோடீஸ்வரனின் நகையாகவும் புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்கியவனின் முதல் ஆசையாகவும் இருக்கிறது. நடுவில் இருந்த இடம்தான் காலி. எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஜி.டி.ஐ. இங்கே டி.எஸ்.ஜி.யோடு மட்டுமே வந்தது. நடுத்தரக் குடும்பத்துக்காரர் பழைய காராக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய வண்டி அது. இன்னும் சில வருஷத்தில் அதன் மூன்றாவது சொந்தக்காரர்கள் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவார்கள்.

இளையவர்களும் பெடலை விட்டு விலகுகிறார்கள். இங்கே ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் கொடுத்துப் பாஸானால் லைசென்ஸில் 'ஆட்டோமேட்டிக் மட்டும்' என்று குறித்துவிடுவார்கள். நாத்தனார் மகள் அப்படித்தான் வாங்கினாள், பட்டறை பக்கியை, அதாவது பிக்கப் வண்டியை, நகர்த்தித் தரக்கூட அவளைக் கூப்பிட முடியாது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. இனி டி.சி.டி. காரைப் பற்றி எழுதும்போது விநாடிக் கணக்கோடு இன்னும் ஒரு வரி சேருங்கள்: ஈர வகையா வறண்ட வகையா, எத்தனை நியூட்டன் மீட்டருக்குக் கணக்கிட்டது, எண்ணெய் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை. இவை ரகசியம் அல்ல, கம்பெனியைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் வாசகர்களில் யாராவது இந்த வாரமே பழைய டி.சி.டி. கார் பார்க்கப் போவதாக இருந்தால் இதைச் செய்யட்டும். நீங்கள் வரும் முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். சமதரையில் டி-யில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் விடுங்கள், வழுக்கினாற்போல் நகர வேண்டும், உதறக் கூடாது. நன்றாகச் சூடான பிறகு நெரிசலில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறிமாறிப் போகும்படி ஓட்டுங்கள். ஒரு மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், தேய்ந்த கிளட்ச் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போய் கியர்பாக்ஸில் பதிவான கோளாறுகளைப் படிக்கச் சொல்லுங்கள். கோளாறுப் பதிவு அன்று காலையில்தான் அழிக்கப்பட்டதா என்பதையும் அவர் பார்த்துச் சொல்வார். ஈர வகை என்றால் கியர்பாக்ஸ் எண்ணெய் வாங்கிய ரசீதைக் கேளுங்கள், புத்தகத்து முத்திரை போதாது. ரசீது இல்லை என்றால் எண்ணெயும் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கிளேர்வுட் கியர்பாக்ஸ் பட்டறையிலிருந்து ஒரு வாசகி,
டர்பன், தென்னாப்பிரிக்கா